மூன்றாம் நம்பர்

இடது கைக்கு உறை ஏறிவிட்டது. வலது கைக்கு ஏற மறுத்தது. பெட்டியோடு சேர்ந்து வந்த வெள்ளைத் துணி உறை அது; செத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவு கைதான் என்ற நம்பிக்கையில் யாரோ தைத்தது. அருள்பிரகாஷ் கட்டைவிரலை உள்ளே தள்ளினால் சுண்டுவிரல் வெளியே வந்தது. சுண்டுவிரலைத் தள்ளினால் கட்டைவிரல் முறுக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சுற்றிய கட்டுக்குள் அந்தக் கை முழங்கைவரை வீங்கிக் கிடந்தது. நகங்களுக்கு அடியில் சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பு.

"மாப்ள, கொஞ்சம் விட்டுக்குடுடா" என்று அவன் வாய்க்குள்ளேயே கெஞ்சினான்.

அல்போன்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பெட்டி கொண்டுவந்த கோபிநாத் எட்டிப் பார்த்தார். "உள்பக்கத் தையலப் பிரிச்சு வுட்டுடுங்க சார். மேல பாத்தா தெரியாது. பத்துப் பேர்ல நாலு பேருக்கு அப்படித்தான் போட்டு அனுப்பறோம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

அருள்பிரகாஷ் பிளேடு வாங்கித் தையலைப் பிரித்தான். உறையைக் கைமேல் போர்த்தி, ஓரங்களை அடியில் மடித்துச் செருகி, ஜெபமாலையை மேலே சுற்றினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாற்பத்தெட்டு வயதுவரை வெறுங்கையோடு இரும்பையும் நெருப்பையும் பிடித்துக்கொண்டிருந்த மனிதனுக்கு ஊரே சேர்ந்து இப்போது உறை மாட்டிவிட்டது.

பெட்டியின் தலைமாட்டில் அகஸ்டினா உட்கார்ந்திருந்தாள். அருள்பிரகாஷின் ஒரே தங்கை, அல்போன்சின் மனைவி. அவள் அழவில்லை என்பதில் வந்திருந்த பெண்களுக்குக் கொஞ்சம் வருத்தம். முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, எதையும் முகத்தில் காட்டாமல் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. இப்போது அண்ணனின் முகத்தை அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"ணா. அது பேரு என்னா?"

"எது?"

"அவரு மேல கொட்டுனது."

"மூணாம் நம்பர்."

"அது நம்பரு. நான் பேரு கேட்டேன்."

"கடையில கேட்டுச் சொல்றேன் பாப்பா."

"முந்தா நேத்துலேருந்து கேட்டுக்கினே இருக்க" என்றாள் அவள். அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். தாகம் இல்லை.

செம்மல் கெமிக்கல்ஸில் அருள்பிரகாஷ் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். கிருஷ்ணசாமி தன் மகன் செம்மல் பிறந்த அன்று திறந்த கடை. மேட்டுப்பாளையம் பக்கம் தகரக் கொட்டகை. உள்ளே நீல டிரம்கள், வெள்ளை டிரம்கள், மூடி போடாத சில சந்தேகங்கள். வடக்கே எங்கிருந்தோ சரக்கு வரும். இங்கே ஐந்து லிட்டர் கேன்களில் ஊற்றி, பட்டறைக்கும் ஓட்டலுக்கும் படகுத்துறைக்கும் போகும். அந்தக் கடையைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. ஒரு பூனை பின்வரிசை டிரம் மேல் ஏறித் தூங்கிவிட்டு, இறங்கும்போது வால் இல்லாமல் இறங்கியது என்பது ஒன்று. வால் இல்லாத பூனையை அருள்பிரகாஷே பார்த்திருக்கிறான். அதற்கு முன்னால் வால் இருந்ததா என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

கிருஷ்ணசாமிக்கு ஆசிட்டைக் கண்டு பயம் கிடையாது. அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள். அதில் சரக்கின் பெயர் இருக்கும், ஆபத்துப் படம் இருக்கும், மேலே பட்டால் என்ன செய்வது என்று இருக்கும். இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். அடியில் சின்ன எழுத்தில், செய்து அனுப்பிய கம்பெனியின் முகவரியும் போன் நம்பரும் இருக்குமே, அதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. வாங்குகிறவன் ஒருநாள் அந்த நம்பரைச் சுற்றிவிட்டால் நடுவில் கிருஷ்ணசாமி எதற்கு? சரக்கு லாரி வந்தால் அதன் நம்பர் பிளேட்டின் மேல் கோணி போடச் சொல்கிற மனிதர். லாரி டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஊர் பெயரைச் சொல்லாமல் குடிக்கச் சொல்வார்.

ஆகவே டிரம் இறங்கியதும் முதல் வேலை உரிப்பது. இரண்டாவது வேலை, கூட வரும் காகிதக் கட்டைக் கண்ணில் படாமல் ஆக்குவது. ஒவ்வொரு சரக்குக்கும் எட்டுப் பக்கம், பதினாறு தலைப்பு, ஒரு பக்கம் மட்டும் அச்சு. வாங்குகிறவனுக்குச் சேர வேண்டிய காகிதம். அதிலும் அந்த போன் நம்பர் உண்டு. மூன்றாவது வேலை, கேனின் மேல் கறுப்பு மார்க்கரால் எண் எழுதுவது. ஒன்று தரைக்கு, இரண்டு டைல்ஸுக்கு, மூன்று எஸ்.எஸ். என்கிற எவர்சில்வரில் பற்றவைத்த இடத்துக் கறுப்பை எடுக்க. மற்ற எண்கள் வேறு வேறு பாவங்களுக்கு.

உரிப்பதில் அருள்பிரகாஷை மிஞ்ச ஆள் இல்லை. வெந்நீர்த் துணியை ஒத்தி, மீன் வெட்டும் கத்தியின் முதுகால் ஒரு மூலையைக் கிளப்பினால், வாழை மட்டையில் நார் வருவது போல லேபிள் முழுசாக வரும். ஒருமுறை பந்தயத்துக்காக ஒரு மதுக்கடையில் நாற்பது பீர் பாட்டிலின் லேபிள்களை உரித்து இடம் மாற்றி ஒட்டிவிட்டான். அன்று குடித்தவர்களில் ஒருவர்கூட ருசி மாறியதைச் சொல்லவில்லை. அந்தத் திறமையைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் உரித்திருப்பான். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. உரிக்கிறவனுக்கு ஓரம்தான் முக்கியம்.

அல்போன்சுக்கு வீட்டை ஒட்டி நாலடி சந்துக்கு அப்பால் எஸ்.எஸ். பட்டறை. மச்சான் கடைச் சரக்கைத்தான் வாங்குவான். "எங்க மச்சான் கையால ஊத்தித் தர்றது. கலப்படம் கெடையாது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவான். உண்மைதான். கலப்படம் இல்லாமல்தான் இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கோயில் பீடத்துக் கைப்பிடிக் கம்பிக்கு மூன்றாம் நம்பர் தேய்க்கக் கேனைத் தூக்கியபோது அடி விரிசல் விட்டு, கை, தொடை, முழங்கால் என்று கொட்டியது. அல்போன்ஸ் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். வேறு லுங்கி கட்டினான். எரிச்சல் பெரிதாக இல்லாததால் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கம்பியை முடித்தான். மத்தியானம் சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டான். நாலு மணிக்கு மேல்தான் வலி ஆரம்பித்தது. தோலில் இல்லை, எலும்புக்குள்ளே. மனிதன் கத்த மாட்டான். தெருமுனையில் இருந்தவர்கள் அவன் பல் கடிக்கிற சத்தத்தைக் கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டரம்மா. வந்ததுமே கேட்டார்.

"என்ன ஆசிட்? கேன்ல என்ன எழுதியிருக்கு?"

"மூணுன்னு எழுதியிருக்கு மேடம்" என்றான் அருள்பிரகாஷ்.

"மூணா? யார் எழுதுனது?"

"நான்தான்."

டாக்டரம்மா ஒரு நொடி அவனைப் பார்த்தார். "எதுன்னு தெரிஞ்சாதான் அதுக்கு மருந்து. சப்ளை பண்ணவர்கிட்ட கேட்டு உடனே சொல்லுங்க."

வராந்தாவுக்கு வந்து கிருஷ்ணசாமிக்கு போன் போட்டான்.

"டாக்டருக்கு எதுக்குடா பேரு?" என்றார் கிருஷ்ணசாமி.

"மருந்து குடுக்கறதுக்காம் மொதலாளி."

"எந்த ஊரு டாக்டரு? அந்தம்மாவோட மச்சான் கிச்சான் எவனாவது இந்த லைன்ல இருக்கானான்னு மொதல்ல விசாரி."

"மொதலாளி, வலியில துடிக்கிறாரு."

"ஆசிட்டுன்னா வலிக்கத்தான் செய்யும். தண்ணி ஊத்தச் சொல்லு. எல்லாத்துக்கும் தண்ணிதான். சோப் ஆயில் மாதிரி ஒண்ணுன்னு சொல்லிடு. வெச்சுடறேன், சாமி கும்பிட்டுக்கினு இருக்கேன்."

அருள்பிரகாஷ் உள்ளே போய், "சோப் ஆயில் மாதிரியாம் மேடம்" என்றான். அந்த வாக்கியத்தைச் சொன்ன வாயைத்தான் அவன் இரண்டு நாளாகக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

"சோப் ஆயிலுக்கு எலும்பு வலிக்காது" என்றார் டாக்டரம்மா. அவர் மேலும் இரண்டு தடவை கேட்டு அனுப்பினார். கிருஷ்ணசாமியின் போன் இரண்டு தடவையும் அணைந்திருந்தது. விடியும் நேரத்தில் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா தானே எதையோ கண்டுபிடித்துவிட்டார். ஒரு மருந்தின் பெயரைக் கத்திக்கொண்டு நடைபாதையில் ஓடினார். அவர் ஓடி முடிப்பதற்குள் அல்போன்சின் இதயம் நின்றுவிட்டது. "ரத்தத்துல சுண்ணாம்புச் சத்தே இல்லம்மா" என்று அகஸ்டினாவிடம் அவர் சொன்னபோது, டாக்டரம்மாவின் கண்தான் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிருஷ்ணசாமி வந்தார். வெள்ளைச் சட்டை. அவருக்கு முன்னால் இரண்டு ஆட்கள் ஒரு மலர்வளையத்தைத் தூக்கி வந்தார்கள். மாட்டு வண்டிச் சக்கரம் அளவு. நடுவில் கெட்டி அட்டை, தங்க எழுத்து: செம்மல் கெமிக்கல்ஸ், கிருஷ்ணசாமி, உரிமையாளர். கீழே தெரு பெயரும், இரண்டு போன் நம்பரும். எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளப் பென்ஷன் வாங்கும் கிழவர், எல்லோரும் சொல்தா என்று கூப்பிடுகிறவர், கண்ணாடியை இறக்கி அட்டையை முழுசாகப் படித்தார்.

"வெவரமா எழுதியிருக்கான்யா" என்றார். "படம் ஒண்ணுதான் பாக்கி."

கிருஷ்ணசாமி பெட்டியின் முன்னால் கை கூப்பி நின்றார். உறை போட்ட கையைப் பார்த்தார். அகஸ்டினாவைப் பார்த்து, "நல்ல உழைப்பாளிம்மா" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். "அது பேரு என்னாங்க?" என்று கேட்டாள். கிருஷ்ணசாமிக்குக் காது கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அருள்பிரகாஷின் தோளில் கைபோட்டுச் சந்துக்குள் அழைத்துப் போனார்.

"பட்டறைச் சாவி?"

"எங்கிட்டதான் இருக்கு மொதலாளி. ஏட்டு பூட்டிட்டு, வீட்டு ஆம்பளன்னு என் கையில குடுத்துட்டாரு."

"அடக்கம் முடிஞ்சதும் எஸ்.ஐ. வர்றாராம். கூட தொழிற்சாலை ஆய்வாளரும்." அக்குளில் இருந்த காக்கி உறையை எடுத்தார். "செம்மல் புது மிஷின்ல அடிச்சான். லேபிள் ஒண்ணு. எட்டுப் பக்கப் பேப்பர் ஒரு செட்டு. எல்லாம் சட்டப்படி. பேரு, படம், கையுறை போடணும், கண்ணாடி போடணும், ஒண்ணு விடல. லேபிள அந்தக் கேன்ல ஒட்டிடு. பேப்பர பட்டறை ஆணியில மாட்டு. கொஞ்சம் கசக்கி, கறையாக்கி மாட்டு."

அருள்பிரகாஷ் உறையை வாங்கினான். கை தானாக நீண்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"அப்படின்னா... அல்போன்சு படிக்காம விட்டுட்டான்னு ஆவுமே மொதலாளி."

"கையுறை போட்டானா?"

"இல்ல."

"நான் பொய் சொல்லச் சொல்லலடா. போடல. அவ்ளோதான். லேபிள் ஒட்டறது விக்கறவன் கடமை. படிக்கறது வாங்கறவன் கடமை. நம்ம கடமைய நாம செஞ்சுடுவோம்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் யோசிச்சுக்கோ பிரகாசு. உரிச்சது யாரு? மூணுன்னு எழுதுனது யாரு கையெழுத்து? உள்ள போனா ரெண்டு பேரும்தான் போவணும். வாசக்கதவு உனக்குத்தான் மொதல்ல தொறக்கும். தங்கச்சியவும் அந்தப் பொண்ணையும் அப்பறம் யாரு பாக்கறது?"

வீட்டுக்குள் பாட்டு ஆரம்பித்தது. அருள்பிரகாஷ் சந்தின் மறுபக்கம் இருந்த பட்டறைக் கதவைத் திறந்தான்.

உள்ளே எல்லாம் வியாழக்கிழமையாகவே இருந்தது. ஆணியில் சட்டை, ஸ்டூலில் பாதி டீ, சுவரோரம் கைப்பிடிக் கம்பி. கம்பி மட்டும் பளபளவென்று, யாரிடமும் இழவு விசாரிக்காமல் நின்றது. சாய்த்து வைத்திருந்த விரிசல் கேனில் ஒரு மூலையில் கொஞ்சம் மீதி இருந்தது. மூலையில் கிடந்த பட்டறைக் கையுறைகளை, அல்போன்ஸ் ஒருநாளும் போடாதவற்றை, மாட்டிக்கொண்டு அவன் கேனின் பக்கவாட்டைத் துடைத்தான். ஈரம் போக ஒருமுறை, தூசி போக ஒருமுறை. உறையைக் கழற்றி, லேபிளின் பின்தாளை ஒரு மூலையில் கிள்ளி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்டினான். ஒரு குமிழ் இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. அவன் எழுதிய மூன்று அடியில் மறைந்துவிட்டது. இவ்வளவு நேர்த்தியாக உரிக்கத் தெரிந்தவனுக்கு ஒட்டவும் தெரியும் என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஒட்டிய பிறகு படித்தான்.

பத்தாவது வரை படித்த ஆங்கிலம். எழுத்துக் கூட்டினான். ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட். மண்டையோடு. கை மேல் சொட்டும் துளி. இந்தப் படங்களை அவனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை கத்தி முதுகால் கிளப்பியிருக்கிறான். பேரைத்தான் இன்று முதல்முறையாகச் சந்திக்கிறான்.

எட்டுப் பக்கத்தை எடுத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். நாலாவது தலைப்பு முதலுதவி. முதலில் வலிக்காமல் இருக்கலாம், அதை நம்பாதே என்று போட்டிருந்தது. உடனே ஒரு மருந்தின் பெயர். டாக்டருக்கு என்று தனியாக ஒரு பத்தி, கட்டம் கட்டி: எதிர்பார்க்க வேண்டியது இது, கொடுக்க வேண்டியது இது. டாக்டரம்மா மூன்று தடவை கேட்டு அனுப்பியதற்கு மூன்று வரியில் பதில். அவன் அதை இரண்டாம் முறை படித்தான். மூன்றாம் முறை படிக்க முடியாமல் தாளைத் திருப்பினான்.

பின்பக்கம் வெள்ளை.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் அவன் எழுந்துவிட்டான். பக்கம் பக்கமாக ஒரு புறம் வெறுமையாக, நல்ல கெட்டித் தாள். இதை எரிக்க மனம் வராமல் அவன் என்ன செய்தான்? கடையில் கிருஷ்ணசாமி "கண்ணுல படக் கூடாது" என்றதும், சைக்கிள் கேரியரில் கட்டி யார் வீட்டுக்குக் கொண்டுவந்தான்? "இந்தாடி மெரின், கணக்குப் போட்டுப் பாக்க. பேப்பர் வாங்கற வேல உனக்கு இல்ல" என்று யாரிடம் கொடுத்தான்? நாலு வருஷமாக, மாதம் ஒரு கட்டு.

வீட்டின் பின்வாசல் வழியாக உள்ளறைக்குப் போனான். அல்போன்சின் மகள் மெரின் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாஸ்பேட்டையில் காலேஜ் முதல் வருஷம்.

"மாமா? பெட்டி மூடறாங்களா?"

"இல்ல கண்ணு. உன் கணக்குப் பேப்பர்லாம் எங்க?"

"எந்தப் பேப்பர்?"

"நான் கொண்டாந்து குடுப்பேனே."

அவள் கட்டிலுக்கு அடியைக் காட்டினாள். மூன்று கட்டு. அவன் தரையில் மண்டிபோட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினான். காஸ்டிக் சோடா. தின்னர். பெயர் தெரியாத இன்னும் ஏழெட்டு. இரண்டாவது கட்டின் நடுவில் அது இருந்தது. பின் கழலாமல் எட்டுப் பக்கம், போன வருஷத் தேதி, அந்த போன் நம்பரோடு. பின்பக்கம் முழுக்க மெரினின் பிளஸ் டூ கணக்கு. ஓரத்தில் சிவப்பு மையில் அவளே தனக்குப் போட்டுக்கொண்ட மார்க்.

"என்னா மாமா?"

"ஒண்ணுமில்ல" என்றான். பிறகு, "இருக்கு. அம்மாகிட்ட சொல்றேன்" என்றான்.

கூடத்தில் ஃபாதர் ஜெபத்தை முடித்திருந்தார். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அல்போன்சின் நெற்றியைத் தொட்டு முத்தமிட்டார்கள். கோபிநாத் மூடியைத் தூக்கிப் பக்கத்தில் நிறுத்தி, சட்டைப் பையில் திருகாணிகளைத் தடவிப் பார்த்தார். வாசலில் கிருஷ்ணசாமி, அருள்பிரகாஷைக் கண்டதும் 'ஆச்சா?' என்று புருவத்தால் கேட்டார்.

அருள்பிரகாஷ் தங்கையின் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"பாப்பா. பேரு கேட்டியே."

காகிதத்தை அவள் மடியில் வைத்தான். கணக்குப் பக்கம் மேலே இருந்தது.

"இது மெரின் எழுத்து" என்றாள் அகஸ்டினா.

"திருப்பிப் பாரு. அது கேனோட உங்க வீட்டுக்காரருக்குத் தர வேண்டியது. நான்தான் ரஃப் பேப்பர்னு புள்ளைக்குக் கொண்டாந்தேன். டிரம்மு லேபிள உரிச்சதும் நான்தான். இப்ப மொதலாளி ஒரு லேபிளக் குடுத்து கேன்ல ஒட்டச் சொன்னாரு, எஸ்.ஐ. வர்றதுக்குள்ள, போலீசுக்குக் காட்ட. ஒட்டிட்டுத்தான் வரேன்." மூச்சு வாங்கினான். "நல்லா ஒட்டியிருக்கேன் பாப்பா. யாரு பாத்தாலும் ஆரம்பத்துலேருந்து இருந்த மாதிரிதான் இருக்கும். போலீசு வந்தா இதையும் சொல்லப் போறேன்."

அகஸ்டினா அவனைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து, கடையில் சீட்டுப் படிப்பது போலவே படிக்க ஆரம்பித்தாள். பெயரை ஒருமுறை உதட்டில் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் பக்கம். பாட்டு நின்றுவிட்டது, அடுத்த பாட்டை யார் எடுப்பது என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"கால்சியம் குளூகோனேட்" என்று சத்தமாகப் படித்தாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஃபாதர் மட்டும், அது ஏதோ ஜெபத்தின் பகுதியோ என்று தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"நம்ம கடையில மூணாவது தட்டுல இருக்கு" என்றாள் அகஸ்டினா, யாரிடம் என்றில்லாமல். "ஊசி மருந்து. டப்பாவுக்குப் பத்து. அவ்ளவா போவாது. தேதி முடிஞ்சு கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடுவோம்."

கிருஷ்ணசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டு அடி வைத்தார். "என்னா பிரகாசு அது? அம்மா, காயிதமெல்லாம் அப்பறமா பாத்துக்கலாம். நேரமாச்சு பாருங்க."

அவள் தலை நிமிரவில்லை. அருள்பிரகாஷ் எழுந்து அவருக்கும் தங்கைக்கும் நடுவில் போய் நின்றான். கிருஷ்ணசாமி அந்தக் காகிதத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரு பெண் அவருக்கு மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

உள்ளறையிலிருந்து மெரின் வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தோளுக்கு மேலாக அவளும் படித்தாள். வெளியே வண்டிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

கோபிநாத் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். "மூடலாங்களாம்மா? வெயில் எறங்குது."

"இருங்க" என்றாள் அகஸ்டினா. "இன்னும் அஞ்சு பக்கம் இருக்கு."

கோபிநாத் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சொல்தா இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூடி சுவரில் சாய்ந்தது. அகஸ்டினா விரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளைத் திருப்பினாள்.